ஓரிரவில் கிடைத்த விடை

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல், எங்களைக் காண்போர் அனைவரும் கேட்பது ஒன்றே. மேலே என்ன படிக்கப் போகிறாய் என்பதே அது. பெற்றோருக்கு ஒரு பதில், உறவினருக்கு ஒரு பதில், தோழியருக்கு ஒரு பதில் என்று சொல்லிச் சமாளிக்கிறோம். நம் உள்ளத்தின் பதில் எது? இதைத் தேடும் நமக்கு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை நல்லதொரு வழிகாட்டி. காரைக்காலிலிருந்தும் நோயாளிகள் நாடிச் செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் அவரே.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார், தந்தையார் இருவரும் அமெரிக்காவிலிருந்து இறைப்பணிக்காக வந்த மருத்துவர்கள். பல ஆண் மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண் குழந்தை அவர். தாது வருஷப் பஞ்சத்தின்போது, உண்ணவும் வலுவற்றுக் கிடந்த சிறுவர்களுக்குத் தம் பிஞ்சுக் கையால் ரொட்டியைப் பிட்டு ஊட்டினார். அக்காட்சி அவர் மனத்தைப் பெரிதும் கலக்கியது. பின்னர் அமெரிக்காவில் படிக்கும்போது, குடும்பத்தாரின் பணி தமக்கு வேண்டாம், இந்தியாவும் வேண்டாம் என்று முடிவு செய்தார். சுகமான வாழ்வே அவர் கண்ட கனவு.

1890ஆம் ஆண்டு தாயாருக்கு உடல்நலம் குன்றவே, துணையாக இருக்கத் திண்டிவனம் வந்தார். சில நாள் தங்கித் திரும்புவதே அவர் எண்ணம். அங்கே ஓரிரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடா தமக்கு வைத்தியம் தெரியாது என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லுமாறும் சொன்னார். அந்நிய ஆடவர் தம் பெண்டிரைப் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. மூவரும் வந்த வழியே திரும்பினர். ஐடாவோ கண்ணுறங்காமல் செபித்தபடி இருந்தார். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று தாய்மாரும் இறந்துவிட்டனர்.

அன்று காலையிலேயே, தாம் மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

முடிவு ஓரிரவில் பிறந்தது. அதற்கான தகுதி பல ஆண்டு உழைப்பில் வந்தது. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டு வேலூர் வந்தார். சில மாதங்களில் தந்தையார் காலமானார். தனித்து நின்ற ஐடா, வீட்டின் சிறு அறையிலேயே நோயாளிகளைக் கவனித்தார். 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. நம் நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முதல் ஆண்டிலேயே 151 பேர் விண்ணப்பித்தனர். 1922இல் அம்முதல் வகுப்பிலிருந்து 14 பேர் தேறி வெளிவந்தனர். உதவ ஆளின்றி மூவர் இறந்த இரவுக்கு அப்பதினால்வரும் பதிலாயினர். அம்மையார் 1960ஆம் ஆண்டு மே மாதம், தமது 89ஆம் வயதில் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் சார்ந்த சபை வேறு. எனினும் நம் அருட்சகோதரிகள் மறைக்கல்வியில் கற்பிக்கும் தேவ அழைத்தல் என்பதன் பொருளை அவரது வாழ்வில் காண்கிறோம். முடிவில் அவர் ஏற்றது தந்தையின் தொழிலைத்தான். ஆயினும் தந்தை சொன்னதற்காக ஏற்கவில்லை; குடும்பப் பெருமைக்காகவும் ஏற்கவில்லை. தம்மால் உதவ இயலாமற்போன மூன்று உயிர்களே அவருக்குத் தம்மை உணர்த்தின.

தோழியரே! நாம் எல்லாரும் மருத்துவராக வேண்டியதில்லை. ஆசிரியை, செவிலி, கணக்கர், கன்னியர் என எப்பணியும் உயர்ந்ததே. எந்தப் பிரிவில் சேர்ந்தால் மதிப்பு என்று கேட்பதற்கு முன், யாருடைய துன்பம் நம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்று நம்மையே கேட்போம். பதில் உடனே கிடைக்காவிடில் கலங்க வேண்டாம். ஐடாவுக்கும் பத்தொன்பது வயது வரை அது கிடைக்கவில்லை. நம் வீட்டுக் கதவு தட்டப்படும்போது விழித்திருந்தால் போதும்.