ரொக்கேயா கண்ட நாடு: சென்னையில் அச்சேறிய ஓர் எதிர்காலம்

அறிவியல் புனைகதையை அரசியலற்ற பொழுதுபோக்காகக் கருதுவோர் உண்டு. ஆனால், நாளை யார் ஆள்வார், யார் உழைப்பார், யார் அடைபட்டுக் கிடப்பார் என்று எழுதும் கதை அரசியலற்றதாக இருக்க இயலாது. இதற்குச் சான்றாகும் கதையொன்று 1905இல் சென்னையில் அச்சேறியது. கமலா சத்தியநாதன் 1901இல் தொடங்கிய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில் வெளியான 'சுல்தானாவின் கனவு' அது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் உசேன்.

ரொக்கேயா 1880இல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியிலுள்ள பாய்ராபந்தில், ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அவ்வீட்டுப் பெண்களின் வாழ்வு திரைக்குள் கழிந்தது. பள்ளி செல்ல வழியில்லை. அண்ணன் இப்ராகிம் இரவுகளில் மறைவாகக் கற்பித்த ஆங்கிலமே பின்னர் அவருக்கு ஆயுதமாயிற்று. அரசு அதிகாரியான கணவர் சகாவத் உசேன் அவரது எழுத்தை ஊக்குவித்தார்.

அவர் படைத்த நாட்டில் பெண்கள் வெளியே உலவுகின்றனர். ஆண்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டுள்ளனர். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நீரைப் பெறுகின்றன. சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றன. அவ்வெப்பமே சோறு சமைக்கிறது. படையெடுத்து வந்த எதிரியையும் விரட்டுகிறது. கருவி யார் கையில் இருக்கிறதோ அவரே சமூகத்தின் ஒழுங்கை வகுக்கிறார் என்பதே கதையின் அரசியல்.

1909இல் கணவர் மறைந்தார். அதே ஆண்டு பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளி தொடங்கினார். பின் கல்கத்தாவுக்குப் பெயர்ந்து, 1911இல் எட்டு மாணவியரோடு அதை மீண்டும் தொடங்கினார். 1916இல் முஸ்லிம் பெண்களுக்கெனச் சங்கம் கண்டார். 1932 டிசம்பர் 9 அன்று மறையும்வரை அப்பணி ஓயவில்லை.

பாலின ஒழுங்கைத் தலைகீழாக்கிய அக்கதை சாதியைத் தொடவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். கதை வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். சாதியற்ற சமூகத்தை அவர் பௌத்தக் கடந்தகாலத்தில் கண்டெடுத்தார். ரொக்கேயாவோ திரையற்ற வாழ்வை வருங்காலத்தில் வைத்தார். இவ்விரு கனவுகளையும் சேர்த்துப் படிக்கும் பொறுப்பு நமக்குண்டு.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்த பின்னும், கழிவுநீர்க் குழிகளில் மரணங்கள் நிகழ்கின்றன. இறப்போரில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். இயந்திரங்கள் இல்லாததால் அல்ல. அவற்றை யாருக்காக இயக்குவது என்பதைச் சாதி தீர்மானிப்பதால்தான் அவர்கள் இறக்கின்றனர். எதிர்காலத்தை எழுத விரும்பும் நம் மாணவர்கள் இங்கிருந்து தொடங்கட்டும்.