அளந்து தந்த அம்மையார்



கல்முனைச் சந்தையில் மீன் வாங்கும்போது தராசுப் படியில் முத்திரை உண்டா என்று பார்க்கிறீர்கள். மகரகம வைத்தியசாலையில் உங்கள் தாயாருக்குப் புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை நடக்கையில், அந்தக் கதிரை நிறுத்துப் பார்ப்பது யார் என்று எண்ணியதுண்டா? கண்ணுக்குத் தெரியாத அதற்கும் ஒரு படிக்கல் செய்து தந்தவர் மேரி கியூரி அம்மையார்.

1867 நவம்பர் 7ஆம் திகதி வார்சோ நகரில் பிறந்தார். பக்தி மிகுந்த கத்தோலிக்கத் தாயைப் பத்து வயதில் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அதற்கு முன்பே மூத்த சகோதரியொருவரும் இறந்திருந்தார். இத்துயரங்களின் பின் விசுவாசத்தை விட்டு விலகினார். இதை உங்களுக்கு மறைக்க நான் விரும்பவில்லை.

1898இல் கணவர் பியருடன் ரேடியத்தைக் கண்டறிந்தார் என்பதைப் பற்றிமாக் கல்லூரிப் பிள்ளைகளும் சொல்வார்கள். பின்பு நடந்ததுதான் பலர் அறியாதது. வைத்தியர்கள் ரேடியத்தைக் குழாயில் அடைத்துக் கட்டியின்மேல் வைத்தார்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரம் என்பதே மருந்தளவு. ஆனால் விலைக்கு வந்த ரேடியமோ வேறு உப்புக்களுடன் கலந்தது. சாதாரணத் தராசு உண்மை சொல்லாது. ஓரிடத்துப் பத்து மில்லிகிராம் வேறிடத்தில் பத்தாக இராது. கூடினால் நல்ல தசை வெந்துபோகும். குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும்.

1910இல் பிரசெல்சில் கூடிய அறிஞர்கள் மூல அளவு ஒன்றைச் செய்யும் பொறுப்பை அம்மையாரிடமே ஒப்படைத்தார்கள். 1911இல் 21.99 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைட்டை நிறுத்து, கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடினார். வியன்னாவில் தனியாகச் செய்யப்பட்ட குழாய்களுடன் 1912இல் ஒப்பிட்டார்கள், அளவுகள் ஒத்துவந்தன. அதைத் தம் ஆய்வுகூடத்திலேயே வைத்துக்கொள்ள அம்மையாருக்குப் பெரிய ஆசை. பெற்ற பிள்ளை அல்லவா! ஆயினும் பொது அளவு ஒருவர் கையில் இருக்கலாகாது என்று மற்றவர்கள் கருதினார்கள். ஈற்றில் பாரிசுக்கு அருகே செவ்ரில், கிலோகிராமின் மூலப்படி இருந்த நிலையத்தில் அது வைக்கப்பட்டது. வைத்தியர்களின் ரேடியக் குழாய்களை அளந்து சான்றிதழ் கொடுக்கும் வேலையையும் அவருடைய ஆய்வுகூடம் செய்துவந்தது.

இன்று ரேடியத்தின் இடத்துக்குப் பெரிய பொறிகள் வந்துவிட்டன. காலையில் முதல் நோயாளியைப் படுக்கவைக்குமுன் பொறி தரும் கதிரின் அளவைச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் அளவுமானியும் தனக்கு மேலான ஒரு மூல அளவுடன் ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஆகையால், சிகிச்சைக்கு முன் உங்களைச் சற்றுக் காத்திருக்கச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறருக்கு அளந்து கொடுத்த அம்மையார் தமக்கென்று அளக்கவில்லை. ரேடியக் குழாய்களைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார். விரல்கள் வெந்து தடித்தன. இரத்தம் ஊறாத நோயால் 1934 ஜூலை 4ஆம் திகதி, 66ஆம் வயதில் காலமானார். அவர் எழுதிய குறிப்பேடுகளில் இன்னும் கதிர் வீசுகிறது. அவற்றை ஈயப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள்.