ஒரு ரசிகனின் பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் அன்னாரின் பாட்டுகளுள் சிறந்தது எது என்னும் வழக்கு ரசிகர் கூட்டத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை. சிறைக்கு முன் ஒரு பாகவதர், சிறைக்குப் பின் ஒரு பாகவதர் என்று பிரித்து, பின்னவரிடம் குரல் குன்றிற்று என்று கூறுவோர் பலர். இக்கூற்றை நான் ஏற்பதில்லை.

முஸ்லிம்கள் மிகுந்து வாழும் கிண்ணியாவில், ஹரியையும் சிவனையும் பாடிய இந்தக் குரலுக்கு என்றும் அந்நியம் என்பது இருந்ததில்லை. 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைக்குப் போக வேண்டுமாயின் துறையடியில் ‘பாதை’ என்னும் மிதவைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். காத்திருப்போருக்கு வழித்துணையாய் இருந்தது தேநீர்க் கடை வானொலி. 1952ஆம் ஆண்டின் பின் இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது, கடலுக்கு இப்பாலிருந்த இலங்கை வானொலியே இரு கரைத் தமிழர்க்கும் அப்பாட்டுகளை வழங்கிற்று. எங்கள் முதியோர் பாகவதரைக் கண்ணால் அறிந்ததினும் காதால் அறிந்தனர் எனலாம்.

1910ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பமொன்றில் அன்னார் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரி பின்னர் திருச்சிக்குக் குடிபெயர்ந்தார். பையனுக்குப் பள்ளியில் மனம் செல்லவில்லை, பாட்டிலேயே சென்றது. வீட்டை விட்டோடிக் கடப்பையில் பாடித் திரிந்த பிள்ளையைத் தந்தை தேடிப் பிடித்து அழைத்து வந்த கதை பிரசித்தம். திருச்சி ரசிக ரஞ்சனி சபாவின் எஃப். ஜி. நடேசய்யர், அரிச்சந்திர நாடகத்தில் அவரை லோகிதாசனாக மேடையேற்றினார். மதுரைப் பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாட வேண்டிய காலம் அது. அந்த மேடையே அவர் குரலுக்கு உரமூட்டிற்று.

மேடையில் பெயர் பெற்ற ‘பவளக்கொடி’ 1934இல் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் படமாயிற்று. ஐம்பதளவு பாட்டுகள் கொண்ட படம்! இன்றைய நேயர்கள் மலைக்கலாம்; அன்றைய சபையோ பாட்டைக் கேட்கவே வந்தது, கதை நடுவே கொஞ்சம் நடந்துகொள்ளும். 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’ ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. 1939இல் ‘திருநீலகண்டர்’, 1941இல் ‘அசோக்குமார்’, 1943இல் ‘சிவகவி’ என ஒவ்வொன்றும் வெற்றி கண்டது. பாபநாசம் சிவனின் சாகித்தியமும் ஜி. இராமநாதனின் இசையும் பாகவதரின் குரலும் ஓரிடத்தில் கூடியது தமிழிசை செய்த புண்ணியம் என்றே சொல்வேன். இவற்றுள் ‘திருநீலகண்டர்’ படத்தின் ‘தீன கருணாகரனே’ என் நெஞ்சுக்கு நெருங்கியது. வித்துவத்தைக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அதில் இல்லை. ஒருவன் கையேந்தி நிற்கிறான், அவ்வளவே.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்தது ‘ஹரிதாஸ்’. அதில் இரு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ‘மன்மத லீலையை’ சாருகேசியில் அமைந்தது. அந்த இராகத்தின் முற்பாதி சங்கராபரணத்தின் மலர்ச்சியுடையது. பிற்பாதியில் தோடியின் துயரச் சாயல் படர்கிறது. போகத்தில் மூழ்கியவன் பாடும் பாட்டுக்கு அத்தகைய இராகத்தைத் தேர்ந்தவர் மனத்தை மெச்சவே வேண்டும். ‘கிருஷ்ணா முகுந்தா’வோ நவரோஜ். பஞ்சமத்தோடு நின்றுவிடும் அவ்விராகத்தில் உச்ச ஸ்தாயிப் பறத்தலுக்கு இடமில்லை. எட்டாத உயரங்களை எட்டிக் காட்டிய குரல், அச்சிற்றெல்லைக்குள் அடங்கி நின்று குழைகிறது. எல்லோரும் முன்னதையே முதலாவதாகச் சொல்வர். என் கணக்கில் பின்னதுதான் முதற்பாட்டு.

சென்னை பிராட்வே கொட்டகையில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவற்றுள் பின்னிரண்டையும் படத்தின் நாயகர் சிறையிலிருந்தே கழித்தார். ‘இந்துநேசன்’ பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்திக் கொலையுண்டார். அவ்வழக்கில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேன்முறையீடு பயன் தரவில்லை. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறு விசாரணைக்கு அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். முப்பது மாதச் சிறைவாசமும் வழக்குச் செலவும் அன்னாரின் செல்வத்தைக் கரைத்துவிட்டன. இருண்ட அறையில் அவர் அகப்பட்டிருக்க, கொட்டகையில் அவர் நிழல் நாள்தோறும் பாடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவர் ‘ராஜமுக்தி’ எடுத்தார். அதற்கு வசனம் எழுதப் புனா சென்ற புதுமைப்பித்தன் காசநோய் முற்றி 1948இலேயே மறைந்தார் என்பதை இலக்கிய அன்பர் அறிவர். படமும் எடுபடவில்லை. 1952இல் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்தன, அதே ஆண்டிற்றான் ‘பராசக்தி’யும் வந்தது. சபையின் செவி பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறிவிட்டது! மாறியது சபை, குரலன்று. ‘அமரகவி’யில் பி. லீலாவுடன் பாடிய ‘செடி மறைவிலே’ என்ற பாட்டைப் பழைய தட்டுகளோடு ஒப்பிட்டுக் கேட்போர்க்கு இது விளங்கும். கனிவு கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை. மேலும், 1950இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அறிமுகமான டி. எம். சௌந்தரராஜன் பாகவதரின் பாணியிலேயே பாடிப் புகுந்தார். அக்குரல் காலாவதியாகியிருந்தால் புதியவரொருவர் அதன் சாயலைச் சூடிக்கொண்டு வருவாரா?

‘அசோக்குமார்’ படத்தில் கண்ணிழந்த இளவரசன் குணாளனாக நடித்தவருக்கு, இறுதி நாள்களில் நீரிழிவு நோயால் உண்மையாகவே பார்வை போயிற்று. அந்நிலையிலும் கச்சேரி செய்தார். 1957இல் தாமே இயக்கிய ‘புது வாழ்வு’ம் தோல்வியுற்றது. 1959 நவம்பர் முதல் தேதி, நாற்பத்தொன்பதாம் வயதில், சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் காலமானார். திருச்சியிலே அடக்கம். அடுத்த ஆண்டு, அவரது பதினான்காவது படமாகிய ‘சிவகாமி’ திரைக்கு வந்தது.