கெடியாரத்தோடு போராடிய வேக மன்னன்

1935-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், பான்னவில் என்ற உப்பு வெளி.

நீல நிற ராட்சதக் கார் ஒன்று சீறிக்கொண்டு வந்து நின்றது. அதன் டயர் ஒன்று வெடித்துத் தீப்பிடித்திருந்தது. உள்ளே இருந்தவர் மால்கம் காம்பெல். இங்கிலாந்துக்காரர். வயது 50.

மணிக்கு 300 மைல் வேகம் என்பது அவருடைய பல நாள் கனவு. ஒரு தடவை ஓடினால் போதாது. காற்றும் சரிவும் உதவி செய்துவிடலாம் அல்லவா? அதனால் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். இரண்டுக்கும் சராசரிதான் கணக்கு.

அவசரமாகச் சக்கரங்களை மாற்றித் திரும்பவும் ஓட்டினார். முடிவு வந்தது: 299 மைல் சொச்சம்!

காம்பெல் இடிந்துபோனார்.

வைர வியாபாரி மகன்

காம்பெல் 1885-ல் பிறந்தார். தந்தை வைர வியாபாரி. மகனோ இன்ஷூரன்ஸ் தொழிலில் இறங்கினார். பத்திரிகைகள் மீது மானநஷ்ட வழக்கு வந்தால் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ் அது. அதில் நல்ல பணம் கிடைத்தது. (பத்திரிகைக்காரர்களின் பயமும் ஒருவரைப் பணக்காரர் ஆக்கியது!) சம்பாதித்ததைக் காரில் கொட்டினார். "நீலப் பறவை" என்ற நாடகத்தின் பெயரையே காருக்கு வைத்து, நீல வர்ணம் பூசினார்.

ஏற்க மறுத்தார்கள்

காரில் உள்ள வேகமானி சக்கரம் சுற்றுவதைத்தான் கணக்கிடும். மணலில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் முள் ஏறும். கார் அந்த அளவுக்கு ஓடியிராது. ஆகவே தூரத்தை அளந்து, கெடியாரம் வைத்துப் பார்ப்பதுதான் சாதனைக்குச் சான்று.

அந்தக் கெடியாரமே காம்பெலுக்கு எதிரியாயிற்று! 1922-ல் சால்ட்பர்ன் கடற்கரையில் பறந்தார். கையால் அமுக்கும் கெடியாரத்தில் பார்த்தது செல்லாது என்றார்கள். 1923-ல் டென்மார்க்கில் பானோ தீவுக்குப் போனார். அங்கே வைத்த கருவி அங்கீகாரம் பெறாதது என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

1924-ல் மீண்டும் பானோ. கூட்டம் பாதை ஓரத்தில் நெருக்கி நிற்பதைக் கண்டு, அது ஆபத்து என்று காம்பெல் எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. ஓடும்போது டயர் கழன்று பறந்தது. ஒரு சிறுவன் பலியானான்.

அதே ஆண்டு செப்டம்பரில் வேல்ஸ் நாட்டுப் பெண்டைன் மணலில் 146.16 மைல். முந்தைய சாதனையைவிட ஒரு மைல்கூட அதிகம் இல்லை. ஆனாலும் இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார்கள்!

பிறகு ஏறுமுகம்தான். 1931-ல் டேடோனாவில் 246 மைல். அந்த ஆண்டே "சர்" பட்டம்.

கணக்கில் பிழை

பான்னவிலில் என்ன நடந்தது? சில மணி நேரம் கழித்து, அதிகாரிகள் தங்கள் கணக்கில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உண்மையான வேகம் 301.129 மைல்!

300 மைல் வேகத்தில் ஒரு மைலைக் கடக்க 12 வினாடிதான் ஆகும். ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு தவறினால் ஒரு மைலுக்கு மேல் போய்விடும். சாதனை கிடைத்தது; ஆனால் கொண்டாட வேண்டிய நேரம் போய்விட்டது. அந்த மனக்குறை காம்பெலுக்கு இருந்தது.

அதன் பின் தரையை விட்டுத் தண்ணீருக்குப் போனார். 1939-ல் கானிஸ்டன் ஏரியில் 141 மைல் வேகத்தில் படகு ஓட்டினார்.

1948 டிசம்பர் 31-ந் தேதி நோயினால் காலமானார். மகன் டொனால்டும் நீல வர்ணப் படகில் ஏறினார். 1967 ஜனவரி 4-ந் தேதி அதே கானிஸ்டன் ஏரியில் முதல் ஓட்டம் நன்றாக முடிந்தது. எதிர்த்திசை ஓட்டத்தில் படகு எகிறிக் கவிழ்ந்தது. டொனால்டு திரும்பவில்லை.