லோயிஸ் வெபர் அம்மையார்

உருவங்கள் அசைவதைக் கண்டு வியத்தற்கே மக்கள் திரைப்படக் கொட்டகைகளை நாடிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்திலேயே, திரைப்படம் காண்போரின் நெஞ்சைத் திருத்தவும் வல்லது என உணர்ந்து, அப்பணிக்கே தம்மை ஒப்படைத்தவர் லோயிஸ் வெபர் அம்மையார்.

இவர் 1879ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகேனி என்னும் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பியானோ இசைப்பதில் தேர்ச்சி பெற்றார். சமயத் தொண்டர் குழுவொன்றிற் சேர்ந்து, ஏழையர் வாழும் தெருக்களில் பாடியும் அறவுரை பகர்ந்தும் வந்தார். அங்கே கண்ட வறுமைக் காட்சிகள் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னர் நாடக மேடையேறிய அவர், 1904இல் பிலிப்ஸ் ஸ்மாலி என்னும் நடிகரை மணந்தார். சில ஆண்டுகளில் இருவரும் திரைத்துறை புகுந்தனர்.

கதை எழுதுதல், நடித்தல், இயக்குதல் ஆகிய மூன்றிலும் அம்மையார் வல்லவரானார். 1913இல் வெளிவந்த 'சஸ்பென்ஸ்' என்னும் பேசாப்படத்தில், தனித்திருக்கும் தாய், வீட்டினுள் நுழையும் நாடோடி, தொலைபேசியிற் செய்தி கேட்டுப் பதறும் கணவன் ஆகிய மூவரையும் ஒரே திரையில் மூன்று கூறாகக் காட்டினார். அடுத்த ஆண்டில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைப் படமாக்கி, முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண்மணி என்னும் சிறப்பெய்தினார். 1917இல் தமக்கெனத் தனி நிறுவனமும் கண்டார்.

ஆயினும் அவர் எளியோரை மறந்தாரல்லர். 'ஷூஸ்' என்னும் படத்தில், கடையில் நாளெல்லாம் நின்று உழைக்கும் ஏழைப் பெண்ணொருத்தி, தேய்ந்த காலணிக்கு மாற்றின்றி வாடுவதைக் காட்டினார். 1921இல் எடுத்த 'தி பிளாட்' என்னும் படம் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வறுமையைக் கூறுவது. நோயுற்ற மகளுக்கு உணவளிக்க வழியறியாத தாய், அண்டை வீட்டுக் கோழியிறைச்சியை எடுத்துவிடுகிறாள். ஆனால் மனச்சான்று உறுத்தவே, அதனை மீண்டும் வைத்துவிடுகிறாள். கற்பிப்போர் பசித்திருக்கும் சமுதாயம் சிறக்குமோ என்னும் வினாவை அப்படம் எழுப்புகிறது.

உலகப் போருக்குப் பின் மக்களின் சுவை களியாட்டத்தின்பால் திரும்பிற்று. பெருநிறுவனங்கள் அறம் உணர்த்தும் படங்களை விரும்பவில்லை. அம்மையாரின் நிறுவனம் நலிந்தது; 1922இல் மணவாழ்வும் முறிந்தது. 1934இல் தம் இறுதிப் படத்தை இயக்கிய அவர், 1939இல் வறிய நிலையில் மறைந்தார். முன்னாளில் அவரிடம் தொழில் பயின்று புகழுற்ற எழுத்தாளர் பிரான்சிஸ் மேரியன், நன்றி மறவாது ஈமச்செலவை ஏற்றார்.

அம்மையாரின் படங்களுட் பல அழிந்தொழிந்தன. எனினும், 2014ஆம் ஆண்டில் 'ஷூஸ்' என்னும் படம் அமெரிக்க நாடு போற்றிக் காக்கும் திரைப்படங்களின் வரிசையிற் சேர்க்கப்பெற்றது. செல்வமும் செல்வாக்கும் அவரை விட்டு நீங்கின. எளியோர்பால் அவர் கொண்ட இரக்கமோ இன்றும் திரையில் ஒளிர்கின்றது.