ஒளியைக் கணக்கிட்ட பேராசிரியர்

பெட்டிக்குள் பூட்டி வைத்த பொருள் பத்திரமாக இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். எல்லாப் பொருளுக்கும் அது பொருந்துமா? பொருந்தாது என்று எனக்கு உணர்த்தியவர்கள் இருவர். ஒருவர் என் தாய்மாமன். மற்றவர் 1891இல் வியன்னா நகரில் மறைந்த கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால்.

மாமா எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். கொட்டகையை மூடியபோது புரொஜக்டர் லென்ஸ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். சென்ற ஆண்டு அதை வெளியே எடுத்தால், கண்ணாடி மீது சிலந்தி வலை போலப் பூஞ்சை! இருட்டும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸுக்கு அந்தக் கதிதான். எங்கள் இயற்பியல் பேராசிரியர் அதைப் பிரித்துத் துடைக்க உதவினார். முன்னால் ஒன்றோடொன்று ஒட்டிய இரு கண்ணாடிகள். பின்னால் இடைவெளி விட்டு இரு கண்ணாடிகள். இது பெட்ஸ்வால் வகுத்த அமைப்பு என்று அவர் சொன்ன அன்றுதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். நூலகத்தை நாடினேன்.

பெட்ஸ்வால் 1807 ஜனவரி 6ஆம் நாள், அன்று ஹங்கேரி அரசில் இருந்த ஸ்பிஷ்கா பெலா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ளது. தந்தையார் பள்ளி ஆசிரியர். பெஸ்ட் நகரில் பொறியியல் கற்று, அந்நகரிலேயே பொறியாளராகப் பணியாற்றினார். பின்னர் கணிதம் அவரை ஆட்கொண்டது. 1837இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் உயர்கணிதப் பேராசிரியர் ஆனார்.

1839இல் டாகேர் கண்ட புகைப்படக் கலை பாரிஸில் அறிவிக்கப்பட்டது. உலகமே வியந்தது. ஆனால் ஒரு குறை: அன்றைய லென்ஸ் உள்ளே விட்ட ஒளி மிகக் குறைவு. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. கட்டடம் அசையாமல் நிற்கும், மனிதன் நிற்பானா? அந்தக் கலையை நேரில் கண்டு திரும்பிய நண்பர் எட்டிங்ஸ்ஹௌசன், நல்ல லென்ஸ் ஒன்றைக் கணக்கிடுமாறு பெட்ஸ்வாலை வேண்டினார்.

அதுவரை லென்ஸ் செய்வோர் பெரும்பாலும் தேய்த்துப் பார்த்து, திருத்தி, மறுபடியும் தேய்த்துத்தான் செய்தனர். பெட்ஸ்வாலோ காகிதத்தில் தொடங்கினார். ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடியிலும் எவ்வளவு வளையும் என்று எண்ணற்ற கணக்குகள் போட வேண்டியிருந்தது. கணிப்பொறி ஏது? பீரங்கிக் குண்டு விழும் இடத்தைக் கணக்கிடப் பழகிய ஆஸ்திரியப் படைவீரர்கள் சிலர் அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டனர். போருக்குக் கற்ற கணிதம் மனித முகத்துக்குப் பயன்பட்டது! 1840இல் பிறந்த அந்த லென்ஸின் ஒளி எண் 3.6. முந்தைய லென்ஸைவிட ஏறத்தாழ 16 மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது. நிமிடக் கணக்கு வினாடிக் கணக்காகச் சுருங்க வழி பிறந்தது. மனித முகம் புகைப்படத்துக்குள் எளிதாக வந்து அமர்ந்தது.

ஆனால் பெட்ஸ்வாலின் வாழ்வில் ஒளி நிலைக்கவில்லை. லென்ஸைச் செய்து விற்ற வோய்க்ட்லெண்டர் ஆயிரக்கணக்கில் விற்றார். பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது ஒரே தடவையாக 2000 கில்டர். நட்பு பகையாயிற்று. அவரும் எளிதில் இணங்கும் இயல்பினர் அல்லர். 1852இல் டாப்ளரின் கொள்கையை எதிர்த்து வாதாடினார். காலம் டாப்ளர் பக்கமே நின்றது. வியன்னாவை அடுத்த காலன்பெர்க் குன்றில், கைவிடப்பட்ட மடத்தில் தனித்து வாழ்ந்தார். ஒளியியல் ஆய்வின் சுருக்கத்தை மட்டும் 1843இல் வெளியிட்டார். விரிவான கையெழுத்துப் படிகள் வீட்டிலேயே கிடந்தன. 1859இல் அந்த வீட்டில் திருடர் புகுந்தனர். பல்லாண்டு உழைப்பு அழிந்தது. மனம் கசந்து ஒளியியலையே விட்டுவிட்டார். 1877இல் ஓய்வு பெற்று, 1891இல் கண்மூடினார்.

வெளியே வந்தது மட்டும் வாழ்ந்தது. லென்ஸ் விளைவிக்கும் பிம்பம் தட்டையான தளத்தில் விழாமல் கிண்ணம் போல் வளையும். அந்த வளைவை அளக்கும் கணக்கை லென்ஸ் வடிவமைப்போர் இன்றும் பெட்ஸ்வால் கூட்டுத்தொகை என்றே அழைக்கின்றனர். முகங்களுக்காகப் பிறந்த அவரது அமைப்பு, பிற்காலத்தில் திரைப்படக் கொட்டகைகளின் புரொஜக்டரில் ஏறியது. 2013இல் டிஜிட்டல் காமிராக்களுக்குப் பொருந்துமாறு பித்தளையில் அதை மீண்டும் செய்யத் தொடங்கினர்.

புதிதாக வாங்க எனக்கு வசதி ஏது? கல்யாண வீடுகளில் படமெடுக்கும் அண்ணனிடம் மிர்ரர்லெஸ் காமிரா ஒன்று இருந்தது. அதில் உள்ளே கண்ணாடி இல்லை. ஆகவே லென்ஸுக்கும் உணரிக்கும் இடையே வேண்டிய தூரத்தை வளையம் வைத்து நிரப்பிக்கொள்ளலாம். மாமாவின் லென்ஸில் தூரம் திருத்தும் திருகும் இல்லை. ஒளியைக் குறைக்கும் இதழ்களும் இல்லை. திருகினால் நீளும் மரைக்குழாய் ஒன்றை நடுவில் பொருத்தினேன். காமிராவுக்கு இந்த லென்ஸைத் தெரியாது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடு என்று அமைப்பில் மாற்றிவிட வேண்டும். பிறகு எல்லாம் கைவேலைதான்: திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, மெல்லத் திருகி, மூச்சை அடக்கி அழுத்த வேண்டும்.

முதலில் மாமாவைத்தான் உட்கார வைத்தேன். பிம்பத்தின் வளைவால் ஓரங்களில் வேப்பிலைகள் சுழன்று மங்கின. நடுவில் அவர் முகம் மட்டும் தெளிந்து நின்றது. பூஞ்சை அரித்த தடத்தால் ஒரு மூலையில் புகை போலச் சிறு மங்கல். அது இனிப் போகாது. எத்தனையோ இரவுகள் பிறர் முகங்களை வெளியே அனுப்பிய லென்ஸ், அன்று அவர் முகத்தை உள்ளே வாங்கிக்கொண்டது. ஆறு மாதம் கழித்து மாமா காலமானார். வீட்டுச் சுவரில் மாலையிட்டிருப்பது அந்தப் படமே.

நண்பர்களே, நம் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு பெட்டி இருக்கிறது. பாதி எழுதிய கட்டுரையோ, கேட்க நினைத்துக் கேளாமல் விட்ட பெரியவர் ஒருவரின் கதையோ அதற்குள் கிடக்கும். திருடன் வருமுன், பூஞ்சை படருமுன், இன்றே திறந்துவிடுவோம்.