காமா பயில்வானும் கடந்த வயதும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சனிக்கிழமை காலையில் நம் காலனியின் பல வீடுகளில் இட்லி ஆறிப்போயிற்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 58 வயதான மைக் டைசன் 27 வயதான ஜேக் பால் என்பாரோடு குத்துச்சண்டை செய்ததை எல்லோரும் கைப்பேசியில் கண்டுகொண்டிருந்தோம். முதற் சுற்றில் பழைய புலி தென்பட்டது. பின்னர்க் கால்கள் கனத்தன, கைகள் தாழ்ந்தன. எட்டுச் சுற்று முடிவில் நடுவர் மூவரும் இளையவருக்கே வெற்றி வழங்கினர். பிள்ளைகளுக்கு அஃது ஏமாற்றம். நாற்பதைக் கடந்த என்போன்றோர்க்கோ நெஞ்சில் வேறு ஏதோ தைத்தது.

ஐம்பதை எட்டிய எவரும் வென்றதே இல்லையா என்று அன்று மாலை என் மகன் வினவினான். காமா பயில்வான் வென்றாரே என்றேன். அப்பெயர் அவனுக்கு ஒரு கேலிப் பெயராக மட்டுமே தெரியும். எங்கள் ஜோலார்பேட்டைப் பக்கத்தில் மார்பை நிமிர்த்தி நடக்கும் ஒல்லிப் பையனைக் காமா என்று அழைப்பதுண்டு. அப்பெயருக்குரியவர் யார் என்று அவனுக்குச் சொன்னதையே சங்க அன்பர்களுக்கும் இம்மலரில் சொல்கிறேன்.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. அமிர்தசரஸ் வட்டாரத்தில் காஷ்மீரத்திலிருந்து குடிபெயர்ந்த மல்லர் குடும்பமொன்றில் 1878-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் பிறந்தார் என்பது பெருவழக்கு. இரண்டாண்டு குறைத்துச் சொல்வாரும் உளர். தந்தையும் தத்தியா சமஸ்தானத்து மல்லரே. சிறுவனுக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்போதே தந்தை மறைந்தார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப்பின் மாமனும் வளர்த்தனர். 1888-இல் ஜோத்பூர் அரசர் ஒரு தேகப்பயிற்சிப் போட்டி நடத்தினார். நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்கள் பஸ்கி போட்டனர். ஒருவர்பின் ஒருவராய் விலக, இறுதியில் எஞ்சிய பதினைவருள் பத்து வயதுக் காமாவும் ஒருவர். வயதைக் கருதி அவரையே வெற்றியாளர் என அரசர் அறிவித்தார் என்பர். பின்னர்த் தத்தியா அரசர் அவரைத் தம் ஆதரவில் வளர்த்தார்.

நாள்தோறும் மூவாயிரம் தண்டால், ஐயாயிரம் பஸ்கி, படிபடியாகப் பால், பாதாம் என்று அவர் பயிற்சியையும் உணவையும் பற்றிச் சொல்வர். எண்ணிக்கையில் அன்பர்களின் கைச்சரக்கும் கலந்திருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி: அப்பயிற்சி பத்தாண்டுக்காலப் பயிற்சியன்று, அரை நூற்றாண்டு விடாமல் நடந்த பயிற்சி. கன்னட நாட்டில் கரடி மனை என வழங்கும் மண் கோதாக்களைப் பழைய பெங்களூரிலும் மைசூரிலும் அன்பர்கள் கண்டிருக்கலாம். (கரடிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, வந்த புதிதில் நான் அஞ்சியதுண்டு.) அங்கே நரைத்த மீசையுடைய பெரியவர்களும் கர்லாக்கட்டை சுழற்றுவதைக் காணலாம். காமா பிறந்து வளர்ந்ததும் அத்தகைய மண்ணிலேதான்.

1895-இல், பதினேழாம் வயதில், குஜ்ரன்வாலா நகரத்து ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு அவர் மோதினார். ரஹீம் ஏழடியை நெருங்கிய உயரம் உடையவர். நாடெங்கும் பெயர் பெற்றவர். காமாவோ ஐந்தரை அடிக்குச் சற்று மேல். நெடுநேரம் நடந்த அப்போர் வெற்றிதோல்வியின்றி முடிந்தது. கூட்டம் சிறுவனை வியந்தது. எனக்கோ மற்றொன்று தோன்றுகிறது. ரஹீம் அப்பொழுது நடுவயதைக் கடந்துகொண்டிருந்தவர். அவருக்குப் பத்தாண்டு குறைந்திருப்பின் அப்போட்டி எவ்வாறு முடிந்திருக்குமோ! மூப்பு என்ன செய்யும் என்பதைக் காமா முதன்முதலாக மற்றொருவர் உடம்பிலே, தம் கைகளால் பற்றி உணர்ந்தார் எனலாம்.

1910-இல் காமா தம் தம்பி இமாம் பக்ஷோடு கப்பலேறி லண்டன் சென்றார். உயரம் போதாது என்று அங்குள்ள பந்தயத்தார் அவரைச் சேர்க்கவில்லை. எந்த எடையினராயினும் மூவரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவேன் என்று அவர் அறைகூவினார். முதலிற் பொய்யெனக் கருதப்பட்ட அவ்வறைகூவலை ஏற்று வந்த அமெரிக்கர் பெஞ்சமின் ரோலர் இருமுறை மண்ணைக் கவ்வினார். முதன்முறை இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. செப்டம்பர் 10-ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் போட்டி. ஸ்பிஸ்கோ பேருடம்பினர். ஆனால் அன்று அவர் ஆடிய ஆட்டம் பாய்ச்சலன்று; தரையைப் பற்றிக் குப்புறக் கிடத்தல். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. சமன் என்று நிறுத்தி மறு நாள் குறித்தனர். குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வாராமையால் ஜான் புல் கச்சை காமாவுக்கு வந்தது. தாயகம் திரும்பிய பின் அலகாபாத்தில் ரஹீமை எதிர்த்து வென்று ருஸ்தம்-எ-ஹிந்த் பட்டமும் பெற்றார். அவ்வெற்றியில் பாதியைக் காலத்தின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ரஹீம் அப்பொழுது முதியவர்.

அதே 1910-இல், ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்காவில் ரீனோ நகரில் மற்றொரு காட்சி நடந்தது. ஓய்வு பெற்றுப் பண்ணையில் உடல் பெருத்திருந்த ஜெஃப்ரீஸ் என்னும் குத்துச்சண்டை வீரரை ஜாக் ஜான்சனுக்கு எதிராக மீண்டும் மேடையேற்றினர். ஜெஃப்ரீஸுக்கு வயது 35. பெருத்த உடம்பைக் குறைத்தார். ஆனால் விட்டுப்போன ஆறு ஆண்டுகளை மீட்க முடியவில்லை. பதினைந்தாம் சுற்றில் வீழ்ந்தார். ஜான்சனும் 1915-இல் ஹவானாவில், 37-ஆம் வயதில், இருபத்தாறாம் சுற்றில் பட்டம் இழந்தார். ஜோ லூயி 1951-இல் வரிக்கடன் நெருக்க, 37-ஆம் வயதில் மார்சியானோவிடம் அடிபட்டார். முகம்மது அலி 1980-இல், 38 வயதில், ஹோம்ஸ் முன் ஏறக்குறைய வெறும் இலக்காக நின்றார்.

இவர்களுக்கெல்லாம் வலிமை போய்விட்டதா? இல்லை. மூப்பு வலிமையை முதலில் தொடுவதில்லை. விரைந்து சுருங்கும் தசை நார்கள் முதலில் மெலிகின்றன. கண் கண்டதைக் கை செய்யச் சற்றே தாமதமாகிறது. முப்பதுக்கு மேல் மூச்சின் கொள்ளளவு பத்தாண்டுக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இன்றைய களைப்பு நாளை மறுநாளும் உடம்பில் நிற்கிறது. இடிக்கும் வலிமை மட்டும் கடைசி வரை துணைநிற்கும். அதனால்தான் ஃபோர்மன் 1994-இல், 45 வயதில், அதுவரை புள்ளியில் பின்தங்கியிருந்தும் பத்தாம் சுற்றில் 26 வயது மூரரை வீழ்த்தினார். எங்கள் சரக்குக் கொட்டகையில் சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை இளைஞரினும் மெல்லவே தூக்குகிறார். ஆனால் மூட்டையை இருமுறை இறக்கி ஏற்றுவதில்லை. மாலையில் இளைஞர் கணக்கும் அவர் கணக்கும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

நிற்க. 1928-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் முன்னிலையில் காமாவும் ஸ்பிஸ்கோவும் மீண்டும் எதிர்நின்றனர். காமாவுக்கு ஐம்பதாம் வயது நடந்தது. இடைப்பட்ட காலத்தில் எதிர்க்க வருவார் அரிதாகிவிட்டமையால் அவர் பெரும்போட்டிகளில் இறங்கியது சிலவே. ஸ்பிஸ்கோவோ 1921-இலும் 1925-இலும் உலகப் பட்டம் பெற்றவர். ஆகவே அவர் பக்கம் அண்மைக்கால அனுபவம் இருந்தது. காமா பக்கம் மண்ணும், மூவாயிரம் தண்டாலும் இருந்தன. மணி அடித்தது. பார்வையாளர் இருக்கையில் அமருமுன், ஒரு நிமிடத்திற்குள், ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார். மறு ஆண்டு பீட்டர்சன் என்பவரும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் தோற்றார்.

இதனைக் கிழவரின் அற்புதம் என்று பலர் எழுதியுள்ளனர். அவ்வாறு எழுதுவோர் ஸ்பிஸ்கோவுக்கும் ஏறக்குறைய அதே வயது என்பதை மறைத்து விடுகின்றனர்; அது நேர்மையன்று. மெய்யான சிறப்பு வேறு. 1910-இல் காமா இரண்டரை மணி நேரம் இழுத்தும் முடியாததை 1928-இல் ஒரு நிமிடத்தில் முடித்தார். இளமையில் அவர் காலத்தைப் பொருட்படுத்தவில்லை. இரண்டரை மணி நேரமும் அவரிடம் மூச்சு இருந்தது. ஐம்பதில் அவ்வளவு மூச்சு இராது என்பதை அறியாதவரா அவர்? எதிரி தரையைப் பற்றுமுன்னரே எடுத்துவிட வேண்டும். இரண்டாம் நிமிடம் என்பதே வரக்கூடாது. மூப்பு கோதாவுக்குள் இறங்கி வருவதற்கு நேரம் தராமல் போரை முடித்தார். மேலும் மல்யுத்தத்தில் கழுத்தும் முழங்காலும் தேயுமேயன்றிக் குத்துச்சண்டையைப் போலத் தலையில் அடி குவிவதில்லை. போட்டிகள் குறைந்திருந்ததும் அவர் உடம்பைக் காத்தது என்று சொல்லலாம். வீரருக்கு அது மனக்குறையாகவும் இருந்திருக்கும்.

நாடு பிரிந்த 1947-இல் அவர் லாகூரில் மோஹனி சாலையில் வாழ்ந்தார். அத்தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தின் முன் காமா நின்றார் என்றும், அவர்களை வழிச்செலவுக்குப் பொருள் தந்து எல்லை வரை அனுப்பினார் என்றும் வழிவழி நினைவு கூர்கின்றனர். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தொன்பது. எந்தத் தண்டாலைக் காட்டிலும் அந்நிற்பையே நான் என் மகனுக்கு விரிவாகச் சொன்னேன்.

ஆதரித்த அரசர்கள் இல்லாமற் போயினர், வருவாயும் போயிற்று. ஆஸ்துமாவும் இதய நோயும் வந்தன. மூச்சினால் உயர்ந்தவருக்கு மூச்சே அரிதாயிற்று. பாகிஸ்தான் அரசு மருத்துவச் செலவுக்கு உதவியது, இந்தியாவிலிருந்து ஜி.டி. பிர்லா இரண்டாயிரம் ரூபாயும், மாதம் முந்நூறு ரூபாயும் அளித்தார் என்பர். தம்பி மகன் போலு முதலியோர் குடும்பத்தின் கலையைத் தொடர்ந்தனர்.

ஸ்பிஸ்கோவின் பிற்காலமும் சுவையானது. 1950-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தில், லண்டனிலேயே எடுக்கப்பட்டது அது, முதிய மல்லராக நடித்தார். அக்கதையில் அம்முதியவர் தம்மினும் இளைய முரடனை நெடுநேரம் பொருது அடக்கிவிட்டு, அக்களைப்பிலேயே உயிர் விடுகிறார். அக்காட்சியை நானும் என் மகனும் இரவு இருமுறை பார்த்தோம். உண்மையில் ஸ்பிஸ்கோ 1967 வரை அமெரிக்காவில் வாழ்ந்தார்.

காமா 1960-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் லாகூரில் காலமானார். அது அவர்தம் எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு மறுநாள்.